வெர்லின் எனக்குக் கொடுத்த மணி நேரங்கள்

வெர்லின் முன் சீட்டில் உட்கார்ந்து புகையிலை துப்புவான். கூரை இல்லாத பழைய ப்ளேன் அது, ஒரு சீட்டுக்குப் பின்னால் இன்னொரு சீட். அவன் இடது பக்கமாகத் துப்பினால் காற்று அதை வாரிக்கொண்டு வந்து பின் சீட்டில் இருக்கும் என் கண்ணாடியில் அடிக்கும். நான் கையுறையால் துடைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல ஓட்டிக்கொண்டிருப்பேன். ஓசி ப்ளேன், ஓசி பெட்ரோல், கொஞ்சம் எச்சில் பட்டால் குறைந்தா போய்விடும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொள்வேன். இப்போது எனக்குக் குமட்டுவது அந்த எச்சில் இல்லை, அந்தச் சமாதானம்தான்.

என் பெயர் ஜோலீன். ஐம்பத்திரண்டு வயது. நெப்ராஸ்காவில் எங்கள் ஊர்க் கூட்டுறவுக் கிடங்கின் எடை மேடையில் உட்கார்ந்து லாரி லாரியாகச் சோளம் எடை போட்டே என் பாதி ஆயுள் கழிந்தது. மீதியாவது ஆகாயத்தில் கழியட்டும் என்று நாற்பதுக்கு மேல் பறக்கக் கற்றுக்கொண்டேன். சம்பளம் வாங்கிக்கொண்டு பறப்பதற்கான லைசென்ஸும் எடுத்தேன். பக்கத்து ஊரில் லைல் என்பவன் வயல்களுக்கு ப்ளேனிலிருந்து பூச்சி மருந்து தெளிக்கும் தொழில் செய்கிறான். அவனிடம் வேலை கேட்டேன். எனக்கு அந்த வேலை வேண்டும். அந்த அளவுக்கு எதுவும் வேண்டும் என்று அதற்கு முன்னால் நான் நினைத்ததே இல்லை.

லைல் சொன்னது ஒன்றே ஒன்றுதான். மருந்தடிக்கும் ப்ளேனுக்குச் சின்னச் சக்கரம் வாலில் இருக்கும். அந்த மாதிரி ப்ளேனில் நூறு மணி நேரம் ஓட்டியிருந்தால்தான் இன்ஷூரன்ஸ்காரன் ஒத்துக்கொள்வான். நான் கற்றது மூக்கில் சக்கரம் வைத்த சாது ப்ளேனில். வால் சக்கர ப்ளேனையும் ஓட்டலாம் என்று பயிற்சியாளர் போடும் கையெழுத்தை எப்போதோ ஒரு குட்டி ப்ளேனில் ஆறு மணி நேரம் ஓட்டி வாங்கி வைத்திருந்தேன், அவ்வளவுதான். வால் சக்கரம் வேறு ஜாதி. தரையைத் தொட்டதும் பின்பக்கம் முன்னால் வந்துவிடப் பார்க்கும். இரண்டு கால் மிதிகளையும் மாற்றி மாற்றி மிதித்து, நிற்கும்வரை அதை அடக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நொடி அசந்தால் ப்ளேன் சுழன்று இறக்கை மண்ணைக் கவ்விவிடும்.

அந்த நேரத்தில்தான் வெர்லின் வந்தான். பள்ளிக்கூடத்தில் என் வகுப்பு. விதை வியாபாரத்தில் நன்றாகச் சம்பாதித்து, யுத்த காலத்துப் பயிற்சி ப்ளேன் ஒன்றை வாங்கிப் புதுசு போலப் புதுப்பித்து வைத்திருப்பவன். துணி போர்த்திய மஞ்சள் இறக்கை இரண்டு அடுக்கு, நீல உடம்பு. அதை யாரும் தொடக்கூட விடமாட்டான். அப்படிப்பட்டவன் போன செப்டம்பரில் என் எடை மேடை ஜன்னலில் வந்து சாய்ந்தான்.

"உனக்கு வால் சக்கரத்துல மணி நேரம் வேணுமாமே?"

"வேணும். நீ குடுக்கப் போறியா?"

"ஆமா. நீ பின் சீட்டுல உக்காந்து ஓட்டு, மணி நேரத்த உன் பறப்புக் கணக்குப் புத்தகத்துல எழுதிக்கோ. நான் முன்னாடி சும்மா காத்து வாங்கிக்கிட்டு வர்றேன்."

"பெட்ரோல் செலவு?"

"அந்தப் பேச்ச எடுத்தே, ப்ளேன் கொட்டகையப் பூட்டிச் சாவியக் கெணத்துல போட்டுருவேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் ஊர் ஏர்ஃபீல்டில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தால் நலம் விசாரிப்பதற்கு முன்னால் எத்தனை மணி நேரம் ஆச்சு என்றுதான் கேட்பார்கள். மணி நேரம் என்பது பைலட்டுக்குப் படிப்பு, பதவி, பட்டம் எல்லாம். அதைச் சொந்தச் செலவில் தூக்கிக் கொடுக்கிறான் என்றால் அவன் மனிதன் இல்லை, மகான் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வாயைத் தைத்திருக்க வேண்டும் எனக்கு.

வாரம் தவறாமல் பறந்தோம். குளிர் காலத்தில் இரண்டு கோட்டு மாட்டிக்கொண்டு, மூக்கு விறைக்க விறைக்கப் பறந்தோம். தரை நெருங்கும்போதெல்லாம் வெர்லின் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவான். நான் எதையும் தொடவில்லை, ஓட்டுவது நீதான் என்று அதற்கு அர்த்தம். கை இரண்டும் எனக்கு நன்றாகத் தெரியும். கால்கள் தெரியாது. முன் சீட்டில் இருப்பவன் கால்களை யாரால் பார்க்க முடியும்? இரண்டு சீட்டு மிதிகளும் ஒரே கம்பியில் கட்டியவை. ஒருவர் மிதித்தால் மற்றவர் காலடியிலும் அசையும்.

அசைந்தது. நான் மிதிப்பதற்கு முன்னாலேயே சில நேரம் மிதி போய்விடும். ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"வெர்லின், மிதி தானா நகருதே, என்ன அது?"

"எண்பது வருசத்துக் கம்பி ஜோ. வயசானா எல்லாருக்கும்தான் கை கால் நடுங்கும். நீ பாட்டுக்கு ஓட்டு."

நான் பாட்டுக்கு ஓட்டினேன். என்ன ஆச்சரியம், என் இறக்கம் ஒவ்வொன்றும் பூப்போல இருந்தது. கொட்டகை வாசலில் காபி குடிக்கும் ஆண்கள், பெண்பிள்ளைக்கு எதுக்கு இந்த வேலை என்று முனகிக்கொண்டிருந்தவர்கள், எழுந்து நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். இவளுக்குக் கால் ரெண்டும் தங்கம் என்றான் ஒருத்தன். எனக்குத் தலை கால் புரியவில்லை. சமையலறையில் பாத்திரம் கழுவும்போதுகூட என் கால்களைக் குனிந்து பார்த்துக்கொள்வேன்.

மே மாதம் ஒரு ஞாயிறு, தீயணைப்புத் தொண்டர்கள் ஏர்ஃபீல்டில் நடத்தும் பான்கேக் விருந்து. சுற்று வட்டாரத்தில் ப்ளேன் வைத்திருப்பவன் எல்லாம் பறந்து வந்து இறங்குவான். லைலும் வந்திருந்தான். நூறுக்கு இரண்டு மணி நேரம்தான் குறைவு. அன்று காலை அதையும் வெர்லினோடு பறந்து முடித்துவிடுவது, லைல் என் புத்தகத்தைப் பார்ப்பது, மறுநாள் திங்கட்கிழமை நான் வேலையில் சேர்வது என்று பேச்சு. புத்தகத்தை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நான் பான்கேக் வாங்கப் போனேன்.

கல்லுக்கு முன்னால் வெர்லினின் மனைவி ட்வைலா நின்று மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல, ஜோலீன்."

"எனக்கா? நான்ல சொல்லணும் உங்களுக்கு."

"சும்மா இரு. ஆகஸ்ட்டுல டாக்டர் எங்க வீட்டு மனுஷனோட பறக்குற சான்றிதழப் பறிச்சதும் பொணம் மாதிரி சோஃபாவுல கெடந்தான். நீ கூட்டிக்கிட்டுப் போகப் போயித்தான் இன்னிக்கு நடமாடுறான்."

என் கையில் இருந்த காகிதத் தட்டு வளைந்தது. ஆனாலும் தெரிந்தவள் போலவே கேட்டேன்.

"இப்ப எப்படி இருக்கு? மறுபடி வந்துச்சா?"

"வலிப்பா? கிறிஸ்துமஸுக்கு முன்னாடி ஒண்ணு வந்துச்சு, குளியலறையில. மொதல்ல வந்தது சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது. முன்னறிவிப்பே கிடையாது, பேசிக்கிட்டே இருப்பான், அப்படியே வெறைச்சுருவான். ட்ரக் ஓட்டக்கூடாதுன்னுட்டாங்க, நான்தான் எங்க போனாலும் ஓட்டுறேன். ஆனா ப்ளேன்ல போனா எனக்கு ஒரு பயமும் இல்ல. பின்னாடி நீ இருக்கேல்ல. நீ எறக்குறதப் பத்தி ஊரே பேசுது."

அவள் எனக்கு மூன்று பான்கேக் வைத்தாள். மேலே வெண்ணெய் வைத்தாள். எல்லாரையும் விட எனக்குப் பெரிய துண்டாகப் பன்றித் தொத்திறைச்சி வைத்தாள். நான் தட்டோடு நடந்து கொட்டகைக்குப் பின்னால் போய் எல்லாவற்றையும் குப்பைத் தொட்டியில் கொட்டினேன்.

ஏர்ஃபீல்டுக்கு வரும்போதெல்லாம் ட்வைலாதான் ட்ரக் ஓட்டி வருவாள். அவளுக்கு ஓட்டுற ஆசை வந்துருச்சு என்று வெர்லின் கண்ணடிப்பான். நானும் சிரிப்பேன். சான்றிதழ் போனவன் தனியாக ப்ளேனை எடுத்தால் மாட்டிக்கொள்வான். ஆனால் சான்றிதழ் உள்ள ஒருத்தி பின்னால் உட்கார்ந்து, ஓட்டியது நான்தான் என்று ஒவ்வொரு வாரமும் தன் கைப்படவே எழுதி வைத்தால் யார் கேட்கப் போகிறார்கள்? ஏதாவது ஆனாலும் மாட்டப்போவது அவள். அந்த ஒருத்தியைத்தான் அவன் எடை மேடை ஜன்னலில் வந்து கண்டுபிடித்திருக்கிறான். நானோ அவனை மகான் என்றேன்.

வெர்லின் கொட்டகைக்குள் ப்ளேனின் மூக்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். கன்னத்தில் புகையிலை உப்பியிருந்தது.

"வா அம்மணி. கடைசி ரெண்டு மணி நேரம். முடிச்சுட்டு லைல்கிட்ட மாலை மரியாதையோட போயிரலாம்."

"உனக்கு வலிப்பு வருதா வெர்லின்?"

அவன் துடைப்பதை நிறுத்தவில்லை. "ட்வைலா ஓட்டவாயி."

"வருதா இல்லையா?"

"ரெண்டு தடவ வந்துச்சு. மாத்திரை போடுறேன். இப்ப என்ன அதுக்கு?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வந்திருப்பியா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கொஞ்சம்கூட வெட்கம் இல்லை. "இங்க பாரு ஜோ. உனக்கு மணி நேரம் வேணும், எனக்கு ஆகாசம் வேணும். உனக்கு என்ன நட்டம் சொல்லு. ஒரு சொட்டு பெட்ரோலுக்கு உங்கிட்ட காசு கேட்டிருப்பனா? வேற எவளா இருந்தாலும் என் காலத் தொட்டுக் கும்புட்டிருப்பா."

"காலப் பத்தி நானே பேசணும்னு இருந்தேன். எறங்கும்போது மிதிச்சது யாரு?"

"நீதான்."

"வெர்லின்."

அவன் ஒரு காபி டம்ளரை எடுத்து அதில் துப்பினான். பழுப்பு எச்சில் ஒரு நூலாக உதட்டிலிருந்து தொங்கியது, புறங்கையால் துடைத்துக்கொண்டான். "லேசா ஒரு கை குடுப்பேன். ஒரு கால்னு வெச்சுக்கோ. என் ப்ளேன், என் காலு, சும்மா இருக்குமா?"

"எல்லாத் தடவையுமா?"

"எண்ணிக்கிட்டா இருந்தேன்?"

எனக்கு அவனை அடிக்கத் தோன்றவில்லை. தொடவே அருவருப்பாக இருந்தது. நின்று நிதானமாக யோசித்தேன். கோபம் வந்தால் நான் நிதானமாகிவிடுவேன், என் முதல் புருஷனுக்கு அது நன்றாகத் தெரியும்.

"சரி. நடந்தது நடந்துபோச்சு," என்றேன். "நீ எறங்கி நில்லு. நான் தனியா மூணு சுத்து சுத்தி எறக்கிட்டு வர்றேன். என்னால முடியுதா இல்லையான்னு எனக்குத் தெரியணும்."

அப்போதுதான் அவன் துணியைக் கீழே போட்டான். வலிப்பைப் பற்றிக் கேட்டபோதும் மாறாத முகம் இப்போது மாறிவிட்டது. ப்ளேனுக்கும் எனக்கும் நடுவே வந்து நின்று இறக்கையில் கை வைத்துக்கொண்டான்.

"அது மட்டும் வேணாம் ஜோ."

"ஏன்?"

"நீ தனியா எறக்குனா உடைச்சிருவே."

"என்னை நூறு மணி நேரக்காரின்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரியிறியே."

"சொல்றது வேற. உனக்கு இன்னும் கால் வரல, அது எனக்குத் தெரியாதா? இந்த இறக்கைய வாங்க நான் எத்தனை ஊரு அலைஞ்சேன் தெரியுமா? இதுக்கு உதிரி கெடைக்காது."

"அப்ப போன வாரம் மேல இருக்கும்போது உனக்கு வலிப்பு வந்திருந்தா? அப்ப யாரு எறக்கியிருப்பா?"

வெர்லின் என்னைப் பார்த்தான். அந்தக் கேள்வியை அவன் இதுவரை கேட்டுக்கொண்டதே இல்லை என்று அவன் முகத்தில் தெரிந்தது. கேட்டுக்கொள்ள இப்போதும் அவனுக்கு ஆர்வம் இல்லை.

"வரலையே," என்றான்.

அவன் கை இறக்கையைத் தடவிக்கொண்டே இருந்தது. இந்த ப்ளேனை என்னை நம்பித் தர மாட்டான். ஆனால் தன் உயிரையும் என் உயிரையும் என்னால் முடியாத ஒன்றின் மேல் வைத்துவிட்டு, வாரா வாரம் காற்று வாங்கப் போயிருக்கிறான். என்னை ஏமாற்றியதைக்கூட மன்னித்திருப்பேன். என் உயிர் ஒரு துணி இறக்கையைவிட மலிவு என்பதை இத்தனை சாதாரணமாக, வாயில் புகையிலையோடு சொல்ல ஒருத்தனால் முடியும் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் வெளியே வந்தேன். நல்ல வெயில். ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. லைல் பான்கேக்கைப் பாகில் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டே என் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"அழகா எழுதியிருக்கே," என்றான். "பறந்துட்டு வந்துட்டியா? சத்தமே கேக்கலையே."

"பறக்கல. இதுல இருக்குற வெர்லினோட மணி நேரம் எதுவும் என்னோடது இல்ல, லைல். எறக்குனது எல்லாம் அவன்."

லைல் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "உக்காரு மொதல்ல. இத ஏன் மைக் வெச்சுச் சொல்றே? கூட்டாளி ப்ளேன்ல எழுதுற மணி நேரம் எல்லாம் அப்படி இப்படித்தான். நானும் அந்தக் காலத்துல எழுதுனவன்தான். இன்ஷூரன்ஸ்காரன் நம்பரத்தான் பாப்பான், உன் காலையா பாக்கப் போறான்? என் பைலட் ஓடிப் போயிட்டான், கோதுமையில பூச்சி ஏறிக் கெடக்கு. நாளைக்கு எனக்கு ஆள் வேணும்."

இதுவும் ஒரு குமட்டல். ஆனால் இதில் வேலை இருந்தது, நான் ஆசைப்பட்ட வேலை. ஒரு தலையசைப்பு போதும். தலையை அசைக்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

"லைல், உன் ப்ளேன்ல எனக்கு முன்னாடி சீட் இருக்கா?"

"ஒரே சீட்டுதான். முன்னாடி மருந்துத் தொட்டி. தெரியாதா உனக்கு?"

"அப்ப எறங்கும்போது அங்க உக்காந்து யாரு மிதிப்பா?"

லைல் வாயில் இருந்ததை மெல்லுவதை நிறுத்தினான். எனக்குப் பின்னால் ஏதோ அசைவு. ட்வைலா காபிக் கெண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"நீ எறக்கலையா?" என்று கேட்டாள்.

"இல்ல ட்வைலா."

"ஒரு தடவகூட?"

"ஒரு தடவகூட இல்ல. அவனுக்கும் அது தெரியும்."

அவள் கெண்டியை மேசைமேல் வைத்தாள். ஏப்ரனை அவிழ்த்து மடித்து அதன் பக்கத்தில் வைத்துவிட்டுக் கொட்டகையை நோக்கி நடந்தாள். ஓடவில்லை. கல்லில் பான்கேக் கருகும் வாசனை வந்தது, வரிசையில் நின்றவர்களில் யாரோ போய் அடுப்பை அணைத்தார்கள். கொட்டகைக்குள் அவள் என்ன சொன்னாள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. வெர்லினின் குரல் ஒரு முறை உயர்ந்தது, பிறகு அதுவும் கேட்கவில்லை. இரும்புக் கதவு இழுத்து மூடப்பட்டது.

நான் லைலின் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். புத்தகத்தை என் பக்கம் திருப்பி, செப்டம்பரிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே வந்தேன். அவசரப்பட்டு அடிக்கவில்லை, ஒவ்வொன்றையும் படித்துத்தான் அடித்தேன். படிக்கப் படிக்க அருவருப்புதான் கூடியது.

மார்ச் மாதத்து வரி ஒன்றுக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அன்று ஓடுதளத்துக்குக் குறுக்கே வயல் மண் பறக்க அடித்தது காற்று. மற்ற ப்ளேன்கள் எல்லாம் இறங்க முடியாமல் வேறு ஊருக்குத் திரும்பிப் போய்விட்டன. நான் மட்டும் ஒரு சக்கரத்தில் தொட்டு, அடுத்த சக்கரத்தை மெல்ல வைத்து, கோடு போட்டது போல நேராக நிறுத்தினேன். கொட்டகை வாசலில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு சந்தோஷத்தில் அழுதேன். கல்யாணத்தன்றுகூட நான் அப்படி அழுததில்லை.

அன்றும் முன் சீட்டில் அவன் இருந்தான். அந்த இறக்கத்தில் என் கால் கொஞ்சமாவது இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். இருந்திருக்கலாம். அதைச் சொல்லத் தெரிந்தவன் ஒருத்தன்தான், அவனிடம் போய்க் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்த வரியையும் அடித்துவிட்டுப் பேனாவை லைலிடம் கொடுத்தேன்.